வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாண்டிச்செல்வி என்னைப் பார்த்துக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மைக் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்ததால் பந்தல் முழுவதும் கேட்டுவிட்டது.

அது ஒரு மே தினம். எங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம். பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை என்பதால் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வெயில் பந்தல் துணியை மீறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக ஓர் அண்டாவில் மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. நடுவில் மேசை, அதன்மேல் சிவப்பு அட்டை போட்ட தீர்மானப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் அன்றைக்கு முதல் கையெழுத்து என்னுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை என்று மரியாதை கொடுத்து என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நானும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் முப்பது வருடம் போட்டுப் பழகிய அதே சுழியோடு போட்டுவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவதாகக் கூப்பிட்டது மகளிர் குழுத் தலைவி பாண்டிச்செல்வியை.

அவள் கேட்டதும் எழுந்து போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்த பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் இல்லை. நாலு பக்கம் தாண்டிப் பின்னால் போனால்தான் ஜனவரியில் நடந்த கூட்டத்தின் எழுத்து வருகிறது. தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்வதற்காக நாலு பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டு, ஐந்தாவது பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பள்ளிக்கூடப் புராணத்தைப் படித்துவிட்டு, சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். ‘கணக்கு படித்தால் வேலை கிடைக்கும், அறிவியல் படித்தால் டாக்டராகலாம், சரித்திரம் படித்து யாருக்கு என்ன லாபம் அம்மா?’ என்று கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் அந்தப் பக்கத்தை இங்கே திறந்து வைத்தேன். ஆனால் பாண்டிச்செல்வி யார் என்று சொல்லாமல் மேலே போனால் விஷயம் விளங்காது.

இரவல் பீரியடு

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மாடியில் நின்றால் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டின பட்டாசு ஆலை அறைகள் தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ அந்த அறைகளில் இருப்பார்கள். சாயங்காலம் கூட்டிப்போக வரும் அம்மாக்களின் விரல் இடுக்கில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது.

அங்கே சரித்திர பீரியடு என்பது யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டிய ஒன்று. கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நின்று லேசாகச் சிரித்தாலே எனக்குப் புரிந்துவிடும். "ஒரே ஒரு பீரியடு டீச்சர், போர்ஷன் முடியல" என்பார். வாங்கிக்கொண்டு போன பீரியடு ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வரவில்லை.

வீட்டிலும் இதே மரியாதைதான். என் கணவர் ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர். "நாங்க சுண்ணாம்புக்கல்ல வெட்டுறோம், சிமெண்டு வருது. நீ செத்த ராசாக்களத் தோண்டுற, என்ன வருது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவர் தட்டில் அன்றைக்குப் பொரியல் குறையும்.

உண்மையைச் சொன்னால், முதல் சில வருடங்கள் நான் பாடம் நடத்திய லட்சணத்துக்கு அந்தக் கிண்டல் தகும். போர் நடந்த வருடம், பட்டத்துக்கு வந்த வருடம், செத்த வருடம் என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். முக்கியமான கேள்வி என்று பென்சிலால் நட்சத்திரம் போடச் சொல்வேன். பரீட்சை முடிந்த மறுநாள் அத்தனை ராஜாக்களும் அவர்கள் தலையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

குடத்துக்குள் யார் பெயர்?

ஒரு பாடத்தை மட்டும் நான் ரசித்து நடத்துவேன். குடவோலை. வீட்டிலிருந்து பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய், எல்லோர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லி, வகுப்பிலேயே குட்டையான பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம் ஊரில் தேர்தல் நடந்தது என்று சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும். ஏதோ என் தாத்தாவே அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டை வெட்டியதுபோல.

ஒரு வருடம் மூன்றாவது பெஞ்சில் சன்னலோரமாக இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்றது. அதுதான் பாண்டிச்செல்வி. ரெட்டைச் சடை, எண்ணெய் வழியும் நெற்றி.

"டீச்சர், அப்ப எங்க தெரு ஆளுக பேரையும் குடத்துக்குள்ள போட்டிருப்பாகளா?"

எனக்குப் பதில் தெரியும். சொந்த நிலம் இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் இதை வரி வரியாகப் படித்திருக்கிறேன். பெருமைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒவ்வொரு வருடமும் அதை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்கும் தாண்டப் பார்த்தேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று அதட்டினேன்.

பிள்ளை உட்கார்ந்துவிட்டது. என்னால்தான் உட்கார முடியவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடினேன். ஒரு கேள்விக்குப் பயந்து பிள்ளையை அதட்டியவள் என்ன வாத்தியார்?

மறுநாள் குடத்தைத் திரும்பவும் கொண்டுபோய், பிள்ளைகளின் சீட்டோடு என் சீட்டையும் போட்டேன். நிபந்தனைகளைப் பலகையில் எழுதினேன். ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்து, அதற்குப் பொருந்தாதவர்கள் வந்து தங்கள் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நிலம் என்றதும் பாதி வகுப்பு எழுந்து வந்தது. அடுத்தடுத்து மீதியும் வந்தது. கடைசியாகக் கிடந்தது என் சீட்டு. பெண்ணாகப் பிறந்தவளுக்கு அந்தக் குடத்தில் ஏது இடம் என்று நானே குனிந்து எடுத்தேன். குடம் காலி.

அப்புறம் நம் நாடு குடியரசான கதையைச் சொல்லி, எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லோருடைய சீட்டையும் திரும்பக் குடத்துக்குள் போடச் சொன்னேன். ஓட்டு என்றால் என்ன என்பது அந்த வகுப்புக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு பேப்பர்

அதற்கு அடுத்த வருடம் பக்கத்தில் ஓர் ஆலையில் வெடிவிபத்து. எங்கள் பகுதியில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை, எங்கே என்றுதான் கேட்பார்கள். மறுநாள் பத்தாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வந்திருந்த பிள்ளைகளுக்கும் பாடம் கேட்கும் முகமில்லை. ஆசிரியர் அறையில் கிடந்த இரண்டு செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். காயம்பட்டவர்களின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தது.

"ரெண்டுமே தப்பு டீச்சர். எங்க அத்தை பேரு ரெண்டுலயும் இல்ல" என்றாள் பாண்டிச்செல்வி.

அவள் அத்தை மாரியம்மாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குப் பதிலாக அன்று ஒருநாள் வேலைக்குப் போனவள். ஆலைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. அதைப் பார்த்து எழுதிய பேப்பரிலும் கிடையாது. ஆனால் வலது கை முழுக்க வெந்துபோய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தது அவள்தான். 108 வண்டி கிழக்குத் தெரு வண்டிப்பாதை வழியாகக் குறுக்கே புகுந்து எடுத்துக்கொண்டு போனதால் உயிர் தப்பினாள். ஊரைச் சுற்றிப் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டரே சொன்னாராம்.

அன்றைக்குப் பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். இதை யார் எழுதினார்கள்? எப்போது எழுதினார்கள்? யாரைக் கேட்காமல் எழுதினார்கள்?

பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டு வர வேண்டும் என்று வழக்கமாக்கினேன். கரண்ட் பில், பட்டாசுப் பெட்டி லேபிள், தேர்தல் நோட்டீஸ், எது கிடைத்தாலும் அந்த மூன்று கேள்வியையும் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, இதில் பொண்ணைக் கேட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருத்தி கேட்டாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இதற்கெல்லாம் எத்தனை மார்க் என்று விசாரித்தார்கள். மார்க் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமைப் பீரியடை மட்டும் கணக்கு சாருக்கு நான் கொடுத்ததே இல்லை.

பாண்டிச்செல்வி பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கள் ஊரிலேயே கல்யாணமாகி, பட்டாசு ஆலைக்கே வேலைக்குப் போய்விட்டாள். விஸ்வநத்தம் பக்கம் ஆலை வேனிலிருந்து அவள் இறங்குவதை ஒருநாள் பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்கா இவ்வளவு கேள்வி கேட்டாய் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். படிப்பு வீணாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"எழுதிட்டுக் குடுங்கண்ணே"

மே தினப் பந்தலுக்குத் திரும்பி வருவோம். பேனா இன்னும் பாண்டிச்செல்வி கையில்தான் இருக்கிறது.

"ஒண்ணும் எழுதலம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊராட்சிச் செயலர் எழுந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரே ஆளாக எத்தனையோ பதிவேடுகளைக் கட்டி மாரடிப்பவர். எல்லாக் கூட்டத்திலும் இப்படித்தான் நடக்கிறது, வெயிலில் ஜனங்களைக் காக்கவைக்கக் கூடாது என்றுதான் கையெழுத்தை முதலில் வாங்குவது, தலைவர் வாசித்த பொருள்களைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வேன் என்று விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். வழக்கம் அதுதான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நானே அப்படிப் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட முன்பக்கத்தைப் புரட்டியதில்லை.

பாண்டிச்செல்வி பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"நீங்க எழுதிட்டுக் குடுங்கண்ணே, வாசிச்சுப் பாத்துட்டுப் போடுறோம். எம்புட்டு நேரமானாலும் இங்கனதான் இருப்போம்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சரே போட்டுட்டாங்களே, அப்புறம் உனக்கு என்ன என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. என் கையெழுத்தையே தடியாக எடுத்து என் மாணவியை அடிக்கிறார்கள். அவளோ, டீச்சரை விட்டுக்கொடுக்கவும் மனமில்லாமல், கேட்டதை விடவும் மனமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். அது முழுக்க என்மேல்தான். போய்ப் பேனாவை எடுத்து என் கையெழுத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். "நான் படிக்காம போட்டுட்டேன், தலைவரே. அவ கேக்குறதுதான் சரி. எழுதுங்க" என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அண்டாவிலிருந்து இன்னொரு சுற்று மோர் வந்தது. செயலர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

இதர பொருள்

ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதி எழுதி மைக்கில் வாசித்தார். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, கொசு மருந்து. ஒன்றிரண்டு இடத்தில் பெண்கள் திருத்தம் சொன்னார்கள். தெற்குத் தெருவுக்கு விளக்குப் போட்டாயிற்று என்று எழுதப்போனவரை, கம்பம்தான் நிற்கிறது, விளக்கு இல்லை என்று நிறுத்தினார்கள்.

கடைசியாக ‘இதர பொருள்’. செயலர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து அதைப் பார்த்து எழுதினார். வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது. கிழக்குத் தெரு வண்டிப்பாதை பொதுமக்களின் பயன்பாட்டில் இல்லை, ஆகவே அதையொட்டிய கம்பெனி அதற்கும் சேர்த்து வேலி அமைத்துக்கொள்வதில் இந்தச் சபைக்கு ஆட்சேபனை இல்லை.

அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் பாண்டிச்செல்வி.

தலைவர் கொஞ்சம் தடுமாறினார். கம்பெனி தரப்பில் கேட்டார்கள், அதில் யாரும் போவதில்லை என்றார்கள், அதனால்தான் சேர்த்தோம் என்றார். போய்ப் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு அவர் செயலரைத் திரும்பிப் பார்த்தார். இன்று காலையில் கூட்டத்துக்கே அந்தப் பாதையில்தான் நடந்து வந்தோம் என்று கிழக்குத் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னார்கள். பாண்டிச்செல்வி அவர்கள் பெயரையெல்லாம் செயலரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து மாரியம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். மடங்காத வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் எப்போதும் மறைத்து வைத்திருப்பவள், அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் அந்தப் பாதையில போயித்தான் பொழச்சு வந்தேன். அப்படி ஒரு பாதையில ஆள் போகலன்னு எழுதுனா, நான் எந்த வழியாப் போனேன்னும் சேத்து எழுதுங்க, தம்பி."

செயலர் அவள் கையைப் பார்த்தார். பிறகு எழுதிய வரிகளின் மேல் தானே கோடு போட்டார். தலைவரும் தடுக்கவில்லை. புதிதாக எழுதி வாசித்தார்: கிழக்குத் தெரு வண்டிப்பாதை பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பாதை, விபத்துக் காலத்தில் 108 வரும் வழி, அதில் வேலி அமைக்க இந்தச் சபை சம்மதிக்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது பந்தலில் தூக்காத கை இல்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தூக்கியிருந்தார். செத்த ராசாக்களைப் பற்றி அவர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

சாத்தூர் வாசகரே, லாபம் கேட்டீர்கள். எங்கள் ஊருக்கு ஒரு பாதை மிஞ்சியது. முப்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கி என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்காகவும் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற நாட்களில் ஒரு காகிதத்தை நிறுத்திக் கேள்வி கேட்க யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கிழிக்க வேண்டாம்

எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் பக்கத்துக்கு வந்தபோது செயலர் தயங்கினார். பக்கத்தின் தலையில் குறுக்கே அடிபட்டு என் பெயர் கிடந்தது. அதிகாரிகள் பார்க்கிற புத்தகம், டீச்சருக்கு அசிங்கமாகிவிடும், இந்த ஒரு தாளை மட்டும் கிழித்துவிட்டு அடுத்த தாளில் எல்லோரும் போட்டுவிடலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார்.

பாண்டிச்செல்விக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. தன்னால்தானே டீச்சருக்கு இந்தத் தலைகுனிவு என்று அவளுக்கு உறுத்தல். "கிழிச்சிரட்டும் டீச்சர். பின்னால யாராச்சும் பாத்தா உங்களப் பத்தி என்ன நெனைப்பாக?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அடித்த கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘படிக்காமல் போட்டது, தவறு என்னுடையது’ என்று எழுதித் தேதியும் போட்டேன். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினேன்.

அவள் போட்டாள். அவளுக்குக் கீழே பெண்கள் வரிசையாகப் போட்டார்கள். மாரியம்மாள் இடது கைப் பெருவிரலை வைத்தாள். வரிசை முடியும்வரை நின்று, நாலு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்துவிட்டு, கடைசி ஆளாக நான் போட்டேன். பாண்டிச்செல்வி அப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாக்கட்டும்டி" என்றேன். "டீச்சரையே நிறுத்திக் கேக்குறதுக்கு இந்த ஊர்ல ஆளு இருந்துருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவாக."